உளைச்சல் கொடுத்த சிபாரிசு

சாத்தூர்ப் பக்கம் மாரீஸ்வரி என்றொரு பெண் இருந்தாள். அவள் உடம்புக்குள் இரண்டு வலிகள் குடியிருந்தார்கள். ஒருத்தி பெயர் உளைச்சல், இன்னொருத்தி பெயர் குத்தல்.

உளைச்சல் பருத்த உடம்புக்காரி. எதிலும் அவளுக்கு அவசரம் கிடையாது. மாரீஸ்வரி இன்றைக்கு ஓடினால் அவள் நாளைக்குத்தான் வருவாள். வந்தால் ஓரமாக ஒதுங்கி உட்காரத் தெரியாது. இரண்டு தொடையிலும் இரண்டு கெண்டைக்காலிலும் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். படி இறங்கும்போது முனகுவாள். கொஞ்ச தூரம் நடந்து உடம்பு சூடேறினால் தானே எழுந்து இடம் விடுவாள். இரண்டு மூன்று நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியும் விடுவாள். அவள் படுத்து எழுந்த இடத்தில் சதை முன்னைவிட உறுதியாக இருக்கும். தொல்லைக்காரிதான், ஆனால் கெட்டவள் இல்லை.

குத்தல் வேறு மாதிரி. ஒல்லியானவள், சிரிக்கத் தெரியாதவள். எங்கேயாவது கிழியப் போகிறது, உடையப் போகிறது என்றால் மட்டும் வருவாள். மறுநாள்வரை காத்திருக்க மாட்டாள், அந்த நிமிஷமே வந்து நிற்பாள். நிற்பதும் ஒரே காலில், ஒரே இடத்தில், ஒரு விரல் நுனியால் மறைத்துவிடக்கூடிய இடத்தில். நடக்க நடக்கக் கூடுவாளே தவிரக் குறைய மாட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொல். "நிறுத்து."

மாரீஸ்வரி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள், பெயருக்கு ஒன்றும் குறைச்சல் கிடையாது. குச்சி அடுக்கி அடுக்கி விரல் ரேகை தேய்ந்துபோனவள், ஒரு நாள் "நான் போலீசாகப் போறேன்" என்று சொல்லி வேலையை விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் எழுத்துத் தேர்வில் தேறிக் காட்டினாள். மிச்சம் இருந்தது உடல்தகுதித் தேர்வு மட்டும். அவளுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. இதில் தவறினால் அடுத்த தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை, திரும்பவும் போய்க் குச்சி அடுக்க வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியும், அவள் அம்மா குருவம்மாளுக்குத் தெரியும், அவள் உடம்புக்குள் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

உடம்பில் எழும் வலி எதுவானாலும் மனசிடம் போய்ச் சேர ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். ஆதியில் அந்த வாசலில் காவல் இருந்தவன் பயம். அவன் ஒரு கூப்பாட்டுக்காரன். பயிற்சிக்குப் போன முதல் வாரம் உளைச்சல் அசைந்து அசைந்து வந்ததைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு "போச்சு, கால் போச்சு" என்று ஊரைக் கூட்டினான். மாரீஸ்வரியும் அதை நம்பிப் படுத்துவிட்டாள்.

"எம்மா, என்னால எந்திரிக்க முடியலம்மா. காலு ரெண்டும் விட்டுப் போயிரும் போல இருக்கு."

"அப்ப போகாத. எவ போகச் சொன்னா?" என்றாள் குருவம்மாள், பாதி கோபமும் பாதி சந்தோஷமுமாக.

ஆனால் மறுநாள் மாரீஸ்வரி போனாள். மைதானத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜக்கையன் மாஸ்டர், ராணுவத்தில் இருந்து வந்தவர். கால்களை அகட்டி அகட்டி வந்தவளைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"வலிக்குதாத்தா? வலிக்கட்டும். சதை இப்பத்தான் தூக்கம் கலைஞ்சு எந்திரிக்குது. வலிக்கலைன்னாத்தான் நான் கவலைப்படணும்."

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஓடத் தொடங்குமுன் மாஸ்டர் வரிசையைப் பார்த்து, "யார் யாருக்கு வலிக்குது? கையத் தூக்கு!" என்பார். தூக்கியவர்களுக்கு மற்றவர்கள் கைதட்ட வேண்டும். தூக்காதவர்கள் முந்தின நாள் ஏமாற்றியவர்கள், அவர்களுக்கு ஒரு சுற்று கூடுதல். நல்ல எண்ணத்தில் வைத்த வழக்கம்தான். சாதாரண உளைச்சலுக்கே மிரண்டு வீட்டுக்கு ஓடிய பெண்களை அதுதான் பிடித்து நிறுத்தியது. நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியத்தை யார் நிறுத்தி விசாரிக்கிறார்கள்?

மாரீஸ்வரி அன்றைக்குக் கை தூக்கினாள். எல்லாரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்தோடு பயத்தின் வேலை போயிற்று. வாசலுக்குப் புதிதாக வைராக்கியம் வந்து சேர்ந்தான். நிமிர்ந்த நெஞ்சு, கடித்த பல், யாருக்கும் வளைந்து கொடுக்காத பார்வை. பயம் தன் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு, வாசல் பேச்சு காதில் விழுகிற ஒரு மூலைக்குப் போய் ஒடுங்கினான்.

உளைச்சலுக்கோ தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளைக் கண்டால் முகம் சுளித்தவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். எண்ணெய் போட்டுத் தேய்த்து விரட்டுவார்கள், வெந்நீரை ஊற்றி விரட்டுவார்கள். இங்கே அவள் வந்தால் கைதட்டுகிறார்கள்! வைராக்கியம் வாசல் கதவை அகலத் திறந்து, "வாங்க வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்கிறான். எந்த வலிக்குக் கிடைக்கும் இந்த மரியாதை? அவள் காலையானால் கைதட்டலுக்காகவே காத்திருக்கத் தொடங்கினாள். அதில் என்ன தப்பு என்று அவளைக் கேட்டால் அவளுக்குப் பதில் தெரிந்திருக்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மைதானம் சேறாகி, கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. தேர்வுத் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பெண்களைப் பைபாஸ் ரோட்டின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்த் தாரில் ஓடவிட்டார். மண் வாங்கிக்கொண்ட அடியைத் தார் வாங்கிக்கொள்ளவில்லை. அவ்வளவும் திரும்ப மேலே ஏறி, காலின் முன்னெலும்பில் போய் விழுந்தது.

எலும்பு ஊமை. பாரத்தைச் சுமப்பதைத் தவிர வேறு எதுவும் அறியாத சீவன். கொஞ்சம் அடிபட்டால் தன்னைத் தானே பூசிக்கொள்ளும், அதற்கு அது கேட்பது சில நாள் ஓய்வு. அதையும் வாய் திறந்து கேட்கத் தெரியாது. அதற்காகப் பேசத்தான் குத்தல் இருந்தாள்.

ஒரு நாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடது கால் முன்னெலும்பின் உள்பக்கத்தில் குத்தல் வந்து நின்றாள். நின்றவள் நேராக வாசலுக்கு ஓடினாள்.

"நிறுத்து" என்றாள்.

வைராக்கியம் அவளை மேலும் கீழும் பார்த்தான். "யாரு நீ? ஒன்னைய நான் பாத்ததே இல்லையே."

"எலும்புல கீறல் விழப் போகுது. நிறுத்தச் சொல்லு."

"நிறுத்தவா? நிறுத்துன்னு சொல்றவனைத்தான் இந்த வாசல்ல இருந்து கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு என்னைய வச்சிருக்காங்க. போ, போ."

அப்போது உளைச்சல் வந்துகொண்டிருந்தாள். முந்தின நாள் போட்ட தோப்புக்கரணத்துக்கு அன்றைக்குத்தான் அவள் வருகிற முறை. வாசலுக்கு வெளியே கை பிசைந்து நின்ற குத்தலைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. இரக்கம்தான், பொய் இல்லை. அந்த இரக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. இந்த ஒல்லிப்பெண் சொல்வதைக் கேட்டு ஓட்டத்தை நிறுத்திவிட்டால் நாளைக்குத் தனக்கு ஏது வேலை, ஏது கைதட்டல்? அது தனக்குள் இருப்பதை உளைச்சல் அப்போது பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது சுலபமாக இருந்தது.

"என்னம்மா, உள்ள விட மாட்டேங்கிறானா?" என்றாள்.

"அக்கா, நீங்க சொன்னா கேப்பான். நான் வேற ஆளுன்னு சொல்லுங்க. நான் வந்த காரியம் வேறன்னு சொல்லுங்க. அது போதும்."

"வேற ஆளு, வேற காரியம்னு சொன்னா அவன் எப்படி விடுவான்? நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்." உளைச்சல் முன்னே போய் வைராக்கியத்தின் தோளில் செல்லமாகத் தட்டினாள். "தம்பி, இவ நம்ம பிள்ளைதான். என் கூடப் பிறந்தவ மாதிரி. வலிதானே, எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. என் பேரச் சொல்லி உள்ள விடு."

"அக்கா, வேண்டாம்" என்றாள் குத்தல்.

"அட, இதுல என்ன இருக்கு?" என்றாள் உளைச்சல்.

வைராக்கியம் முகம் மலர்ந்தான். "அப்பவே சொல்ல வேண்டியதுதானே? உங்க ஆளுன்னா தாராளமா வரலாம்."

சிபாரிசில் வேலை கிடைக்கலாம், ரேஷன் கார்டு கிடைக்கலாம். ஆனால் எச்சரிக்கை சொல்ல வந்தவள் சிபாரிசில் உள்ளே நுழைந்தால் அவள் எச்சரிக்கையாக நுழைவதில்லை, விருந்தாளியாக நுழைகிறாள். மறுநாள் காலை மாஸ்டர் கேட்டார், மாரீஸ்வரி கை தூக்கினாள், எல்லாரும் தட்டினார்கள். "நிறுத்து, நிறுத்து" என்று குத்தல் கத்திக்கொண்டே இருந்தாள். கைதட்டலில் ஒன்றும் கேட்கவில்லை.

நாட்கள் போயின. உளைச்சல் வருவாள், படுப்பாள், கிளம்புவாள், மறுபடி வருவாள். குத்தல் கிளம்பவே இல்லை. முதலில் ஓடும்போது மட்டும் கத்தியவள் பிறகு நடக்கும்போதும் கத்தினாள், கடைசியில் பாயில் சும்மா கிடக்கும்போதும் கத்தினாள். வைராக்கியத்துக்கு அதில் பெருமைதான். "பார்த்தீங்களா, உழைப்பு எவ்வளவு ஆழமா இறங்கியிருக்கு!" என்று மனசிடம் சொன்னான். முட்டாளுக்குப் பதவியும் கொடுத்து அவனுக்குக் கைதட்டவும் செய்தால் இப்படித்தான் பேசுவான்.

குருவம்மாள் நல்லெண்ணெயைச் சூடாக்கி மகள் காலில் தேய்த்தாள். வலது காலில் தேய்க்கும்போது மாரீஸ்வரி சுகமாகக் கண்ணை மூடினாள். இடது காலில் அம்மாவின் பெருவிரல் ஒரு இடத்தைத் தொட்டதும் அலறிக்கொண்டு காலை இழுத்தாள்.

"ஏத்தா, இந்த எடத்துல என்னமோ இருக்கு. ஆஸ்பத்திரியில காட்டிட்டு வருவோம்."

"காட்டுனா என்ன சொல்லுவாக? ஓடாதன்னு சொல்லுவாக. வேற என்ன சொல்லுவாக?" மாரீஸ்வரி பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "செலக்சன் முடியட்டும்மா. அதுக்கப்புறம் ஒரு மாசம் படுத்தே கெடக்கேன். நீயே ஊட்டிவிடு."

குருவம்மாள் மேலே பேசவில்லை. மகள் காக்கி உடையில் வாசலில் வந்து நிற்பதை அவளும் தினமும் நினைத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். ஆசை ஒருத்தி மட்டும் படுகிறதாக இருந்தால் இன்னொருத்தி தடுத்திருப்பாள். இருவரும் பட்டால் யார் தடுப்பது?

ஜக்கையன் மாஸ்டரையும் சும்மா சொல்லக்கூடாது. அவருக்குக் கண் இருந்தது. ஒரு காலை, ஓடிவரும் மாரீஸ்வரியின் இடது பாதம் கோணலாக விழுவதைக் கவனித்து அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு கால் வலிக்குதா, ரெண்டு காலும் வலிக்குதா?"

அந்தக் கேள்வி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் உடம்புக்குள் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சரியான கேள்வி. அத்தனை நாளில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. குத்தல் முதல் தடவையாகக் கத்துவதை நிறுத்திவிட்டுக் கெஞ்சினாள். "ஒரு கால்னு சொல்லு. ஒத்த வார்த்தை. ஒரு கால்."

மாரீஸ்வரியின் கண் மரத்தடிக்குப் போனது. போன வாரம் இதே கேள்விக்கு உண்மையைச் சொன்ன ஒரு பெண்ணை மாஸ்டர் உட்கார வைத்துவிட்டார். அவள் இன்னும் மரத்தடியில்தான் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காவது அடுத்த வருஷம் இருந்தது.

குத்தல் உளைச்சலைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் எந்திரிச்சுக்கோங்க. ரெண்டு காலையும் விட்டு எந்திரிச்சுக்கோங்க. அவ பொய் சொல்ல இடமில்லாமப் போகட்டும்."

உளைச்சல் அன்றைக்கு இரண்டு கெண்டைக்காலிலும் படுத்திருந்தாள். எழுந்திருக்க முடியும்தான். இந்த நேரத்துக்கு உடம்பு சூடேறி எழுந்திருக்கவும் வேண்டும். ஆனால் மாஸ்டருக்குப் பின்னால் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கைதட்டத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். உளைச்சல் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலிலும் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தாள்.

"ரெண்டு காலும்தான் மாஸ்டர்" என்றாள் மாரீஸ்வரி.

அதில் பாதிக்கு மேல் உண்மை இருந்ததால் அவளுக்கு நாக்குக் குழறவில்லை. மாஸ்டர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. அவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது, அவர் மைதானத்திலிருந்து தேறக்கூடியவள் என்று அவர் நம்பியிருந்தது அவள் ஒருத்தியைத்தான்.

"அப்ப சரி. ரெண்டு காலும்னா அது வெறும் உளைச்சல். கையத் தூக்கு!"

தூக்கினாள். தட்டினார்கள். குத்தல் தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். உளைச்சலுக்கு அந்தக் கைதட்டல் முதல் தடவையாக இனிக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின வாரம் மாஸ்டர் பயிற்சியைக் குறைத்துவிட்டார். நடந்தால் போதும் என்றார். கடும் பயிற்சி இல்லாததால் உளைச்சலுக்கு வேலை இல்லை. சதைக்குள் சுருண்டு படுத்துக் கிடந்தாள். இப்போது பேசிக்கொண்டிருந்தது குத்தல் ஒருத்திதான், அதுவும் ஒரே காலில். ஓடாத நாளில் உளைச்சல் எங்கிருந்து வரும் என்று யாராவது யோசித்திருந்தால் போதும். யாரும் யோசிக்கவில்லை. வாசலில் குத்தலுக்கு விழுந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. "உளைச்சல் இன்னும் போகலை" என்றே வைராக்கியம் சொல்லிவந்தான்.

உளைச்சல் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கி எலும்பைப் பார்த்தாள். பீங்கான் கிண்ணத்தில் விழுவதுபோல் அதன் உள்பக்கத்தில் மெல்லிய கீறல் ஒன்று ஓடியிருந்தது. கொஞ்சம் ஆறவிட்டாலே எலும்பு அதைப் பூசி மூடிவிடும். வாசலுக்குப் போய், நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட நினைத்தாள். ஆனால் உழைத்த மறுநாள் தவிர வேறு நாளில் அவளுக்கு நடமாட்டம் கிடையாது. அவள் பிறப்பு அப்படி. பேச வேண்டிய நாளில் பேசாமல் இருந்தாள், பேச நினைத்த நாளில் அவளுக்கு வாய் இல்லை.

தேர்வு நாள் காலையில் மைதானத்துக்கு வெளியே மாரீஸ்வரி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டாள். மருந்துக் கடைக்காரரிடம் கால்வலிக்கு என்று சொல்லி வாங்கியது.

மாத்திரை வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனிதர். யார் என்ன சொல்ல வருகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை, சத்தம் அடங்கினால் சரி. நேரே வந்து குத்தலின் வாயைத் துணியால் கட்டினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் அமைதியா இரும்மா" என்றார் மரியாதையாக.

குத்தல் கண்களால் எலும்பைக் காட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வாசலில் நீண்ட நாளுக்குப் பிறகு எந்த வலியும் இல்லை. வைராக்கியம் துள்ளினான். "வலி போயிருச்சு! ஓடு!"

விசில் ஊதினார்கள். மாரீஸ்வரி ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்தவர்கள் அப்படி ஓடுகிறவளைப் பார்த்ததில்லை என்றுதான் சொல்வார்கள். வேலிக்கு வெளியே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குருவம்மாள் நின்றாள். "ஏத்தா ஏத்தா ஏத்தா" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. கடைசித் திருப்பத்தில் மாரீஸ்வரி இருவரை முந்தினாள். முடிவுக்கோட்டின் சுண்ணாம்பு வெள்ளை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அதைத் தாண்டிவிட்டால் குச்சி அடுக்கும் காலம் முடிந்தது.

எலும்பு ஊமை என்று சொன்னேன். முழு ஊமை இல்லை. அதற்கு வாழ்நாளில் ஒரே ஒரு சொல் உண்டு. அதை அது அப்போது சொன்னது. வேலிக்கு வெளியே நின்ற குருவம்மாளுக்கும் அது கேட்டது. மாரீஸ்வரி கோட்டைத் தொடாமலே விழுந்தாள்.

வைராக்கியம் அந்த இடத்திலேயே வாசலைப் போட்டுவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. மாத்திரையும் எங்கோ கரைந்துபோனார். துணி அவிழ்ந்த குத்தல் உடம்பு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். ஆம்புலன்ஸில் கத்தினாள், ஆஸ்பத்திரியில் கத்தினாள். இப்போது எல்லாரும் அவள் பேச்சைக் கேட்டார்கள். டாக்டர்கள் கேட்டார்கள், நர்சுகள் கேட்டார்கள், ஜக்கையன் மாஸ்டர் கட்டிலின் காலடியில் நின்று, "ஒரு காலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேத்தா" என்று அழுதார். மாரீஸ்வரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். நாளாக ஆக எலும்பு தன்னைத் தானே மெல்லப் பூசிக்கொண்டது. குத்தலுக்கு வேலை முடிந்தது. கிளம்பும்போது அவள் உளைச்சலைப் பார்த்தாள். உளைச்சல் தலை குனிந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஏங்கினாள். குத்தல் ஒன்றும் சொல்லாமல் போனாள்.

காலியாகக் கிடந்த வாசலில் யாரும் கூப்பிடாமலே பயம் வந்து உட்கார்ந்தான். இப்போது அவனிடம் பழைய கூப்பாடு இல்லை. குரல் தணிந்து, கண் சிவந்து, கையில் பெரிய பூட்டோடு உட்கார்ந்திருந்தான். முன்பு அவன் கத்தியபோது சிரித்தவர்கள் இப்போது அவன் முணுமுணுத்தாலே கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு அம்மாள் வந்தார். பெயர் ரெஜினா. மாரீஸ்வரியின் இடது தொடை வலது தொடையில் பாதியாகச் சூம்பியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எலும்பு கூடிருச்சு. இனிமே எலும்பப் பத்திப் பயமில்ல, சதையப் பத்தித்தான் பயம். தெனம் காலத் தூக்கி எறக்கணும், ஊனி நிக்கணும். நாளைக்குத் தொடை உளையும். உளைஞ்சா நல்லது, சதைக்கு இன்னும் உசுரு இருக்குன்னு அர்த்தம். செய்யலைன்னா இந்தக் கால் இப்படியே நின்னு போகும். அப்புறம் கட்டைய வச்சுத்தான் நடக்கணும்."

வலித்தால் நல்லது. மாரீஸ்வரி அந்த வார்த்தையை எங்கே கேட்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டியதில்லை. முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குச் சொன்னதை எல்லாம் செய்தாள். தூக்கினாள், இறக்கினாள், ஊன்றினாள். குருவம்மாளுக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முகத்தில் களை வந்தது.

சதைக்குள் உளைச்சலுக்கு விழிப்பு வந்தது. உழைப்பு நடந்திருக்கிறது! மறுநாள் அவள் மெல்ல எழுந்தாள். மெலிந்து பாதியாகிப்போயிருந்தாள், அகலப் பாய் விரிக்க அந்தத் தொடையில் இடமும் இல்லை. ஓரமாக, அடக்கமாக உட்கார்ந்தாள். கைதட்டல் வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. தான் வந்தால் சதை பிழைக்கும், சதை பிழைத்தால் இந்தப் பெண் நடப்பாள். செய்த பாவத்துக்கு இது ஒன்றையாவது செய்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள்.

பயம் அவள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். எழுந்து கதவைச் சாத்தினான்.

"எம்மா!" மாரீஸ்வரி வீடே அதிரும்படி அலறினாள். "எம்மா, வலிக்குதும்மா! மறுபடி உடைஞ்சுருச்சும்மா!"

குருவம்மாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொண்டாள். முன்பு ஒரு தடவை பேசாமல் இருந்துவிட்டவள் இந்தத் தடவை பேசினாள். "வேண்டாம்த்தா. ஒண்ணும் வேண்டாம். நீ படு. இனி அந்தம்மாவ வர வேண்டாம்னு சொல்லிருதேன். நீ படுத்தே கெட, நான் இருக்கேன்ல."

உளைச்சல் சாத்திய கதவைத் தட்டினாள்.

"தெறங்கய்யா. எலும்பு நல்லாத்தான் இருக்கு. ரெண்டு நாளு உக்காந்துட்டு நானே போயிருவேன். நான் வராம இருந்தா அந்தப் பிள்ள நடக்கவே மாட்டா."

உள்ளே பூட்டு உரசும் சத்தம்தான் கேட்டது.

"எலும்ப உடைச்சது நான் இல்லய்யா, குத்தல் சொன்னதக் கேக்காததுதான் உடைச்சது. நான் வேற ஆளு, நான் வந்த காரியம் வேற."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் யாருடையவை என்று அவளுக்கு நினைவு வந்தது. இதே வாசலில், இதே இடத்தில், கை பிசைந்துகொண்டு ஒருத்தி அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும்.

கதவுக்கு அந்தப் பக்கம் பயம் பூட்டை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டான்:

"எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு நீதானே சொன்ன?"